உஸ்மான் செம்பேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க சினிமாவைத் தேடிப் போகிறவர்கள் முதலில் வந்து நிற்கும் பெயர் உஸ்மான் செம்பேன். அவரைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே என்னைக் கேட்டுக்கொண்ட சிலவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இவர் யார்?

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் நாட்டின் எழுத்தாளர், திரைப்பட இயக்குநர். 1923இல் பிறந்தார். 2007 ஜூன் 9 அன்று, 84ஆம் வயதில், தலைநகர் டாக்கரில் காலமானார். ஒன்பது முழுநீளப் படங்கள், சில குறும்படங்கள், ஒரு கை நிறைய நாவல்களும் கதைகளும் அவர் விட்டுச்சென்றவை. சினிமா படிக்கப் போனபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

சினிமாவுக்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்?

ஏறக்குறைய எல்லாம். செனகலின் தெற்கே காசமான்ஸ் பகுதியில் ஜிகென்ஷோர் என்ற ஊரில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்தார். பதின்மூன்று வயது வாக்கில் பிரெஞ்சுத் தலைமையாசிரியரைத் திருப்பி அடித்ததற்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். படிப்பு அத்தோடு சரி. அப்பாவோடு கடலுக்குப் போனால் குமட்டல் தாங்கவில்லை. மீனவர் மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் டாக்கரில் இருந்த உறவினர்களிடம் அனுப்பிவிட்டார்கள். அங்கே கொத்தனார் வேலை, மெக்கானிக் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். கையில் காசு இருந்தால் சினிமா பார்த்தார்.

1944இல் பிரெஞ்சுக் குடியேற்றப் படையில் சேர்க்கப்பட்டு, நைஜரின் பாலைவனப் பாதைகளில் லாரி ஓட்டினார். திரும்பி வந்தபோது 1947 அக்டோபரில் டாக்கர் - நைஜர் ரயில்பாதைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஐந்து மாதங்களுக்கு மேல் நீடித்தது. தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பு அணைந்திருந்த அந்த மாதங்கள்தான் பிறகு அவருடைய மிகப் பெரிய நாவலாக வந்தன. 1960இல் வெளிவந்த அந்த நூலின் பெயருக்கு ‘கடவுளின் மரத்துண்டுகள்’ என்று பொருள். ஆட்களை நேரடியாக எண்ணினால் ஆயுள் குறையும் என்று ஒரு நம்பிக்கை அங்கே உண்டு. அதனால் மனிதர்களை எண்ணாமல் ‘மரத்துண்டு’ என்று சொல்லி எண்ணுவார்கள். பெயர் வந்தது அப்படித்தான்.

பிரான்ஸுக்கு எப்படிப் போனார்?

கப்பலில், டிக்கெட் இல்லாமல், ஒளிந்துகொண்டு. பாரிஸில் சித்ரோவன் கார் தொழிற்சாலையில் சில காலம் இருந்துவிட்டு மார்சேய் துறைமுகத்துக்குப் போய்ச் சுமைதூக்கும் தொழிலாளியானார். தொழிற்சங்கத்திலும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். மூட்டை இறக்கும்போது முதுகெலும்பில் பலத்த அடிபட்டுப் பல மாதங்கள் படுத்துக் கிடக்க நேர்ந்தது. சங்கத்தின் நூலகம்தான் அவருக்குக் கல்லூரி. அங்கே ஆப்பிரிக்கர்களைப் பற்றிய புத்தகங்கள் இருந்தன, ஆப்பிரிக்கத் தொழிலாளி எழுதிய புத்தகம் இல்லை. 1956இல் தம் முதல் நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் மார்சேயில் மூட்டை தூக்கிக்கொண்டே நாவல் எழுதும் ஒரு கறுப்பினத் தொழிலாளி.

நாவலாசிரியராகப் பெயர் வாங்கியவர் எதற்காக சினிமாவுக்கு வந்தார்?

அவரைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

1960இல் செனகல் விடுதலை பெற்றது. செம்பேன் ஊர் திரும்பி, மேற்கு ஆப்பிரிக்காவிலும் காங்கோவிலும் பயணம் செய்தார். போன இடமெல்லாம் ஒரே உண்மை அவரைச் சுட்டது. அவர் எழுதியது பிரெஞ்சில். யாரைப் பற்றி எழுதினாரோ, அந்த ரயில்வே தொழிலாளியும் அவன் மனைவியும் அந்த மொழியைப் படிக்கத் தெரியாதவர்கள். புத்தகங்களைப் பாராட்டியவர்கள் பாரிஸிலும் டாக்கரின் அலுவலகங்களிலும் இருந்தார்கள். கதைக்குச் சொந்தக்காரர்களின் கையில் அந்தப் புத்தகம் ஒரு செங்கல்லுக்குச் சமம்.

அந்த ஊர்களில் சினிமாக் கொட்டகைகள் இருந்தன. படிக்கத் தெரியாதவர்கள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்தார்கள். ஹாலிவுட் படம், பிரெஞ்சுப் படம், நம் இந்திப் படம் எல்லாம் பார்த்தார்கள். தங்கள் முகத்தை மட்டும் திரையில் பார்த்ததில்லை. இதை உணர்ந்த பிறகு செம்பேன் பல நாட்டுத் தூதரகங்களுக்குக் கடிதம் எழுதிப் பயிற்சிக்கு இடம் கேட்டார். சோவியத் யூனியன் அழைத்தது. மாஸ்கோவின் கார்க்கி ஸ்டுடியோவில் மார்க் தோன்ஸ்காய் என்ற இயக்குநரிடம் சுமார் ஓராண்டு வேலை கற்றார்.

சினிமாவை அவர் மாலைநேரப் பள்ளி என்று சொல்லிவந்தார். அந்தச் சொல்லை அவர் மேடைக்காகப் பயன்படுத்தவில்லை. படச்சுருளைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார், திரையிடுவார், பிறகு உட்கார்ந்து மக்களோடு விவாதிப்பார்.

‘ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை’ என்ற பட்டம் சரியானதா?

பாதி சரி. எகிப்தில் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பெரிய திரைத்தொழில் இருந்தது. நைஜரில் முஸ்தஃபா அலஸ்ஸான் அதே காலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். செம்பேனின் நண்பரும் பின்னாளில் அவர் படங்களுக்குத் துணைநின்றவருமான போலின் வியேரா 1955லேயே ஒரு குறும்படம் எடுத்துவிட்டார். ஆனால் அதைப் பாரிஸில் எடுக்க வேண்டியிருந்தது. குடியேற்ற நாடுகளில் படம்பிடிப்பதானால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 1934இல் பிரான்ஸ் ஓர் ஆணை போட்டிருந்தது. ஆப்பிரிக்கர் கையில் கேமரா போகாமல் அது பார்த்துக்கொண்டது. ஆகவே யார் முதலில் என்ற போட்டியில் எனக்கு அக்கறை இல்லை. சகாராவுக்குத் தெற்கே ஒரு கறுப்பினக் கலைஞர் தம் மக்களையே முதல் பார்வையாளர்களாக வைத்து நாற்பதாண்டு காலம் விடாமல் படம் எடுத்தார் என்றால், அந்த இடம் செம்பேனுக்குத்தான்.

முதல் படம் எது?

1963இல் வந்த ‘போரோம் சாரே’. செனகலில் பரவலாகப் பேசப்படும் வோலோஃப் மொழியில் அதன் பொருள் வண்டிக்காரன். சுமார் இருபது நிமிடம்.

ஒரு குதிரைவண்டிக்காரனின் ஒரு நாள். காலையில் ஏறுகிறவர்கள் பலரும் கூலி தராமல் இறங்குகிறார்கள். அவர்களும் ஏழைகள், அவனால் கேட்க முடியவில்லை. கிடைத்த சில்லறையை, அவன் முன்னோரின் பெருமையைப் பாடும் பாணன் ஒருவன் பாடியே வாங்கிக்கொண்டு போகிறான். ஒரு தகப்பன் இறந்த குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவருகிறான். காகிதம் சரியில்லை என்று கல்லறைத் தோட்டக் காவலாளி உள்ளே விடவில்லை. வண்டிக்காரன் அந்தச் சிறிய உடலை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புகிறான். பிறகு நல்ல உடையணிந்த ஒருவன் நகரத்தின் மேட்டுப் பகுதிக்குப் போகச் சொல்கிறான். வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த அந்த இடத்துக்கு வண்டிகள் போகக் கூடாது. போலீஸ்காரர் நிறுத்துகிறார். காகிதத்தை எடுக்கும்போது போரில் வாங்கிய பதக்கம் அவன் பையிலிருந்து தரையில் விழுகிறது. போலீஸ்காரரின் பூட்ஸ் அதன்மேல் ஏறுகிறது.

வண்டி பறிபோய், குதிரையை மட்டும் ஓட்டிக்கொண்டு வீடு வந்தால், மனைவி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, இன்று இரவு சாப்பிடுவோம் என்று சொல்லி வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்வதில்லை. நான் அந்த இருபது நிமிடத்தை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். அந்த வாசல் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்திவிடுகிறது.

உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது எந்தப் படத்தால்?

1966இல் வந்த ‘லா நுவார் தெ...’. பிரெஞ்சில் அந்தத் ‘தெ’ இரண்டு விதமாகப் பொருள் தரும். ‘இன்ன ஊரிலிருந்து வந்த கறுப்புப் பெண்’ என்றும் கொள்ளலாம், ‘இன்னாருக்குச் சொந்தமான கறுப்புப் பெண்’ என்றும் கொள்ளலாம். தலைப்பின் புள்ளிகள் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவைக்கின்றன. பிரான்சில் வந்த ஒரு பத்திரிகைச் செய்திதான் கதைக்கு வித்து.

தியுவானா என்ற இளம்பெண் டாக்கரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவர்கள் அவளை பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள ஆன்தீபுக்கு அழைத்துக்கொள்கிறார்கள். போனால், குழந்தைகள் இல்லை. சமையல், துணி துவைப்பது, தரை துடைப்பது மட்டும்தான். அவள் பார்க்கும் பிரான்ஸ் ஒரு சமையலறை, ஒரு குளியலறை, ஒரு ஜன்னல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அன்போடு முதலாளியம்மாவுக்கு அவள் கொடுத்த மரமுகமூடி இப்போது வெள்ளைச் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. ஒருநாள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். முதலாளியம்மா பிடித்து இழுக்க, இரண்டு பெண்களும் முகமூடியைப் பற்றிக்கொண்டு சுற்றுகிறார்கள். அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அந்த ஒன்றுதான் இருந்தது.

அவள் அந்தக் குளியலறையில் உயிரை விடுகிறாள். வீட்டுக்காரர் அவளுடைய பெட்டி, முகமூடி, சம்பளப் பணம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்கரில் தாயிடம் போகிறார். தாய் பணத்தைத் தொட மறுக்கிறாள். ஒரு சிறுவன் அந்த முகமூடியை முகத்தில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்கிறான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்து, நடையை வேகப்படுத்தி, கடைசியில் ஓட்டமும் நடையுமாகக் காருக்குப் போகிறார்.

தியுவானாவாக நடித்த ம்பிசீன் தெரேஸ் தியோப் தையல் தொழில் செய்தவர். படத்தில் நாம் கேட்கும் அவளுடைய மனக்குரல் ஹைத்தி நாட்டு நடிகை தோத்தோ பீசாந்தினுடையது. படம் பிரான்சின் ழான் விகோ விருதையும், துனிசியாவின் கார்த்தேஜ் திரைப்பட விழாவில் முதல் பரிசையும் பெற்றது.

படிக்காத மக்களுக்காக என்றால், அந்தப் படத்தில் தியுவானா ஏன் பிரெஞ்சில் யோசிக்கிறாள்?

நியாயமான கேள்வி. பணமும் விதிகளும் பிரான்சிடம் இருந்தன, அதனால் ஒலியும் பிரெஞ்சில் இருந்தது. அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த படத்திலேயே கணக்கைத் தீர்த்தார்.

1968இல் வந்த ‘மண்டாபி’ வோலோஃப் மொழியில் பேசியது. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்க மொழி ஒன்றில் வந்த முதல் முழுநீளக் கதைப்படம் என்று இதைச் சொல்கிறார்கள். பிரெஞ்சு நிதி இதற்கும் கிடைத்தது, பிரெஞ்சுப் பதிப்பும் வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் இரண்டையும் எடுத்தார். ஊர் மக்கள் பார்த்தது வோலோஃப் பதிப்பை.

மண்டாபி என்றால் மணியார்டர். வேலையில்லாத இப்ராஹிமா தியெங்குக்கு இரண்டு மனைவிகள், ஏழு பிள்ளைகள். பாரிஸில் தெருப் பெருக்கும் அக்கா மகன் 25,000 ஃபிராங்க் அனுப்புகிறான். அதில் 2,000 தான் தியெங்குக்கு. 3,000 அக்காவுக்கு, மிச்சம் பையனின் சேமிப்பு. தபால்காரர் வந்துபோன அன்றே தெரு முழுக்கச் செய்தி பரவுகிறது. கடன் கேட்பவர்கள் வரிசையில் வருகிறார்கள். தபால் நிலையத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டை வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், ஸ்டாம்பு. பிறந்த தேதி என்ன என்கிறார் நகராட்சி எழுத்தர். தியெங் தெரிந்ததைச் சொல்கிறார்: 1900 வாக்கில். அந்த முகத்தை நம் தாலுகா அலுவலக வாசலில் நின்ற எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். இறுதியில் படித்த உறவினன் ஒருவன் உதவுகிறேன் என்று அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் பணத்தை அமுக்கிக்கொண்டு, ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்து அனுப்புகிறான். இந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

தபால் நிலையத்தில் பிறருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் மனிதராகச் செம்பேனே நடித்திருக்கிறார். முந்தைய படத்திலும் அவர் ஏற்றது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித்தரும் ஆசிரியர் வேடம்தான். இரண்டு படத்திலும் ஒரே வேலையைத் தமக்குத் தேர்ந்துகொண்டதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மொழி விஷயத்தில் அவர் சினிமாவோடு நிற்கவும் இல்லை. 1971இல் மொழியியலாளர் பாத்தே தியாஞ்ஞோடு சேர்ந்து ‘கட்டு’ என்ற வோலோஃப் இதழைத் தொடங்கினார். அந்தச் சொல்லுக்குப் பேச்சு, சொல் என்று பொருள்.

சொந்த நாட்டிலேயே அவர் படம் தடைசெய்யப்பட்டதாமே?

ஆம், அதுவும் ஓர் எழுத்துக்காக. 1977இல் ‘செட்டோ’ என்ற படத்தை எடுத்தார். ஆப்பிரிக்காவின் பழைய அரசு ஒன்றில் இஸ்லாமிய மதகுரு அரியணையைக் கைப்பற்றுகிறார், அடிமை வியாபாரி ஒருவன் துப்பாக்கியும் சாராயமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான், கிறித்துவப் பாதிரி தம் முறைக்காக அமர்ந்திருக்கிறார். மதம் மாற மறுக்கும் குடிமக்கள்தான் செட்டோ. இறுதியில் இளவரசி தன் கையாலேயே மதகுருவைச் சுடுகிறாள்.

பெரும்பான்மையினர் முஸ்லிம்களாக உள்ள நாட்டில் இது எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் அரசு சொன்ன காரணம் எழுத்துப்பிழை. ஜனாதிபதி லியோபோல்ட் செடார் செங்கோர் கவிஞர், இலக்கணத்தில் ஊறியவர். வோலோஃப் சொற்களை எப்படி எழுதுவது என்று அரசாணை போட்டிருந்தார். அதன்படி அந்தச் சொல்லில் ‘ட’ ஓசைக்கான எழுத்து ஒருமுறைதான் வர வேண்டும், செம்பேன் இரண்டு போட்டிருந்தார். ஒற்று மிகுமா மிகாதா என்று வாதாடிப் பழகிய நமக்கு இந்தச் சண்டை விளங்கும். தம் தாய்மொழியில் ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்பதை ஆணைக்கு விட்டுக்கொடுக்க அவர் மறுத்தார். செங்கோர் பதவியிலிருந்து விலகிய பிறகே படம் செனகலில் திரைக்கு வந்தது.

அதற்கு முந்தைய ‘ஹாலா’ (1975) படத்தைத் தணிக்கைக் குழு பல இடங்களில் வெட்டியது. வெட்டிய காட்சிகள் எவை என்று அவர் துண்டறிக்கை அச்சிட்டு விநியோகித்தார். புதிய ஆளும் வர்க்கத்தைப் பற்றிய படம் அது. ஒரு வணிகர் மூன்றாம் திருமணம் செய்துகொண்ட இரவில் ஆண்மை இழக்கிறார். அவருடைய பென்ஸ் காருக்கு இறக்குமதி செய்த பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். மகள் ராமாவிடம் அவர் பிரெஞ்சில் பேசுகிறார், அவள் ஒவ்வொரு முறையும் வோலோஃபில் பதில் சொல்கிறாள்.

தியாரோய் படுகொலைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1944 டிசம்பர் 1 அன்று டாக்கருக்கு அருகே தியாரோய் முகாமில், பிரான்சுக்காகப் போரிட்டு ஜெர்மானியச் சிறைகளிலிருந்து மீண்ட ஆப்பிரிக்கப் படைவீரர்கள் தங்கள் சம்பள பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் 35 பேர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட மிகவும் அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அதே ஆண்டில் அதே படையில் சேர்ந்தவர் செம்பேன்.

1988இல் தியர்னோ ஃபாத்தி சோவுடன் இணைந்து ‘தியாரோய் முகாம்’ படத்தை இயக்கினார். செனகல், அல்ஜீரியா, துனிசியா மூன்றும் சேர்ந்து பணம் போட்டன. பிரான்சின் கை இதில் இல்லை. படத்தில் பெயி (பிரெஞ்சில் ‘நாடு’ என்று பொருள்) என்ற பெயருடைய படைவீரர் ஒருவர் வருகிறார். ஜெர்மானிய வதைமுகாமில் இருந்தவர், பேச்சு போய்விட்டது. தியாரோயின் முள்வேலியைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். இறுதி இரவில் காவலுக்கு நிற்பவர் அவர்தான். பீரங்கி வண்டிகள் வருவதை அவர் மட்டும் பார்க்கிறார். உறங்குபவர்களை எழுப்ப அவரிடம் சொல் இல்லை.

வெனிஸில் பரிசு பெற்ற இந்தப் படம் பிரான்சில் பல ஆண்டுகள் திரையிடப்படாமல் இருந்தது. 2024 நவம்பரில்தான் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன், செனகல் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் அது படுகொலை என்று ஒப்புக்கொண்டார். படம் வந்து 36 ஆண்டுகள் கழித்து.

கடைசிப் படம்?

‘மூலாதே’, 2004. பெண் பிறப்புறுப்புச் சிதைப்புச் சடங்கை எதிர்க்கும் படம். புர்கினா ஃபாசோவின் ஒரு கிராமத்தில், எண்பது வயதை எட்டிய நிலையில், வெயிலில் நின்று எடுத்தார். சடங்கிலிருந்து தப்பிய நான்கு சிறுமிகள் கோலே என்ற பெண்ணிடம் அடைக்கலம் கேட்கிறார்கள். அவள் வீட்டு வாசலின் குறுக்கே ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டுகிறாள். அவ்வளவுதான். முழங்கால் உயரக் கயிறு. மரபுப்படி அதைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது. மரபை மரபாலேயே தடுத்துவிடுகிறாள். பெண்களுக்கு இந்தத் துணிவு ரேடியோவால் வந்தது என்று முடிவுகட்டிய ஆண்கள், ஊர் ரேடியோக்களை எல்லாம் பறித்து மசூதியின் முன்னால் குவித்துத் தீ வைக்கிறார்கள். குவியலில் ஒரு ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. கான் விழாவில் ‘அன் செர்தன் ரிகார்’ பிரிவின் பரிசு இதற்குக் கிடைத்தது.

அவர் எடுக்க நினைத்து எடுக்காமல் போனது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைகளைப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்ற சாமோரி தூரேயைப் பற்றிய பெரும் வரலாற்றுப் படம். பல பத்தாண்டுகள் அதற்காகக் குறிப்பெடுத்தார், திரைக்கதை எழுதினார். அதற்குத் தேவையான பணம் வரவேயில்லை. அந்தப் படம் இல்லாதது எனக்கு உண்மையான வருத்தம்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘போரோம் சாரே’, அடுத்து ‘லா நுவார் தெ...’. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டையும் பழுதுநீக்கிப் புதுப்பித்திருக்கிறார்கள், கறுப்பு வெள்ளைப் படம் துல்லியமாக இருக்கிறது. மூன்றாவதாக ‘மண்டாபி’. அதை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். தபால் நிலையக் காட்சி வரும்போது துணையெழுத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.